சர்வர் பெட்டிக்குள் அப்படி என்ன கண்டுபிடிப்பு? தகரம் முதல் தண்ணீர்க் குழாய் வரை. நாகர்கோவில் மெக்கானிக்கல் மாணவர்களுக்கு ஒரு விளக்கம்

சர்வர் என்றாலே கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்கள் சமாச்சாரம் என்று நினைக்கிறோம். ஆனால் ஒரு சர்வரின் மேல்மூடியைக் கழற்றிப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது சிப் இல்லை, தகரம். வளைத்த தகரம், ஸ்பிரிங், நெம்புகோல், வரிசையாக ஃபேன், கறுப்பு பிளாஸ்டிக் மூடி, புது மாடலாக இருந்தால் தண்ணீர்க் குழாய். இதில் பாதிக்கு மேல் மெக்கானிக்கல் இன்ஜினியர் வேலை. அந்த வேலையில் பலவற்றுக்குக் காப்புரிமையும் உண்டு.

"மக்கா, தகரத்த வளைச்சதுக்கெல்லாமா பேட்டண்ட் குடுப்பானுவ?" கோணம் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் ஒரு மாமா இப்படிக் கேட்டால், பக்கத்திலேயே இருக்கும் பொறியியல் கல்லூரி மாணவன் என்ன பதில் சொல்வான்? கொடுப்பார்கள் என்பதுதான் பதில். ஆனால் எல்லாத் தகரத்துக்கும் கொடுக்க மாட்டார்கள். எதற்குக் கொடுப்பார்கள், எதற்குக் கொடுக்க மாட்டார்கள், அதைத் தெரிந்துகொள்ளாமல் விட்டால் என்ன நஷ்டம் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

இத்தனை காலம் சர்வர் என்பது நமக்கு இறக்குமதிச் சரக்கு. அட்டைப்பெட்டியில் வரும், ரேக்கில் ஏற்றுவோம், ஸ்விட்சைப் போடுவோம். அது கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 'ருத்ரா' என்ற பெயரில் சர்வரை இந்தியாவிலேயே வடிவமைத்தது. அதை வைத்துக் கட்டிய பரம் ருத்ரா சூப்பர் கம்ப்யூட்டர்கள் மூன்றைப் பிரதமர் மோடி 2024 செப்டம்பர் 26 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்தார். புனே, டெல்லி, கொல்கத்தா என மூன்று இடங்களுக்கும் சேர்த்து செலவு சுமார் 130 கோடி ரூபாய். சென்னை ஐஐடியில் திறக்கப்பட்ட 3.1 பெட்டாஃப்ளாப் திறன் கொண்ட பரம் சக்தியும் ருத்ரா சர்வர்களால் ஆனதுதான்.

தனியார் பக்கமும் அசைவு தெரிகிறது. லெனோவோ நிறுவனம் புதுச்சேரி ஆலையில் ஆண்டுக்கு 50,000 ஏ.ஐ. சர்வர்கள் தயாரிக்கப் போவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது. சர்வர் ஆராய்ச்சிக்கான கூடத்தை பெங்களூருவில் அமைப்பதாகவும் சொன்னது.

இதில் கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒன்று உண்டு. பெட்டியை இங்கே திருகி மூட்டுவது ஒரு வேலை. பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்று வரைவது இன்னொரு வேலை. சம்பளமும் மரியாதையும் இரண்டாவதில்தான் அதிகம். காப்புரிமை என்ற பேச்சு வருவதும் அங்கேதான்.

சரி, பெட்டிக்குள் பிரச்சினை என்ன?

ஒரே வார்த்தையில் சொன்னால், சூடு.

என்விடியாவின் எச்100 சிப் ஒன்று 700 வாட் வரை மின்சாரம் குடிக்கும். அவ்வளவும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும். வீட்டு இஸ்திரிப் பெட்டி 1,000 வாட் என்று வையுங்கள். ஆனால் இஸ்திரிப் பெட்டியின் அடிப்பக்கம் உள்ளங்கையைவிடப் பெரிது. இந்தச் சிப்பின் பரப்பு 814 சதுர மில்லிமீட்டர், நம்ம 10 ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அந்த இத்தனூண்டு இடத்தில் இருந்து அவ்வளவு சூட்டையும் உருவி எடுக்கணும். இதுபோல எட்டு சிப் உள்ள டி.ஜி.எக்ஸ். எச்100 சர்வர் ஒன்றுக்கு அதிகபட்சம் 10.2 கிலோவாட் வேண்டும், எடை சுமார் 130 கிலோ. ஒருவர் தூக்கி வைக்கும் சாமான் இல்லை அது.

இடமும் கம்மி. சர்வர்கள் அடுக்கும் ரேக் 19 அங்குல அகலம். இந்த அளவு கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே தொலைபேசி நிலையக் கருவிகளுக்காக வந்தது, இன்றைக்கும் அதேதான். உயரத்தை 'யூ' என்ற கணக்கில் சொல்வார்கள். 1யூ என்றால் 1.75 அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர். சாதாரணமாக ஒரு ரேக் 42யூ. ஆக, நாலரை சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு தட்டுக்குள் பிராசஸர், மெமரி, டிஸ்க், பவர் சப்ளை, ஃபேன் எல்லாவற்றையும் அடைத்து, அவை வேகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த நெருக்கடியில் இருந்து வந்த ஒரு காப்புரிமையைச் சொல்லலாம். 2001-ல் அமெரிக்காவில் ஆர்.எல்.எக்ஸ். டெக்னாலஜிஸ் என்ற சின்ன நிறுவனம், புத்தக அலமாரியில் புத்தகம் செருகுவதுபோல 3யூ உயரப் பெட்டியில் 24 மெல்லிய சர்வர்களை நிறுத்திவைத்துச் செருகும் முறையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் 'பிளேட் சர்வர்' என்று பெயர் பெற்றது இதுதான். இதற்கான அமெரிக்கக் காப்புரிமை 2002-ல் கிறிஸ்டோபர் ஹிப், டேவிட் கர்க்பி என்ற இருவர் பெயரில் வந்தது. 2005-ல் அந்த நிறுவனத்தை எச்.பி. வாங்கிவிட்டது. புதுச் சிப் எதையும் இவர்கள் கண்டுபிடிக்கவில்லை. இருந்த சிப்பை எப்படி அடுக்குவது, ஒயரைக் குறைத்து எப்படி இணைப்பது என்பதுதான் அவர்கள் செய்தது.

ஆரல்வாய்மொழியில் படிக்க வேண்டிய பாடம்

காற்றை வைத்துக் குளிர்விப்பது எப்படி என்று புரிய, குமரி மாவட்டத்துக்காரர்கள் பாடப்புத்தகத்தைத் தேட வேண்டாம். ஆரல்வாய்மொழி கணவாய்க்குப் போனால் போதும். மேற்கே இருந்து வரும் காற்றுக்கு மலை தடுப்பு, கணவாய்தான் வழி. அகலமாக வந்த காற்று குறுகலான இடைவெளியில் நெருக்கியடித்துப் பாய்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்கு அதுவே காரணம்.

சர்வருக்குள் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியின் வேலை இதேதான். காற்று எப்பவுமே சுலபமான வழியில்தான் போகும். பிராசஸர் மேல் நெருக்கமான தகடுகளோடு நிற்கும் ஹீட் சிங்க் அதற்குத் தடை. சும்மா விட்டால் பக்கத்தில் காலி இடம் பார்த்து ஓடிவிடும். ஃபேன் சுற்றும், சத்தம் வரும், சிப் மட்டும் சூடாகவே இருக்கும். பிளாஸ்டிக் மூடி அந்தக் காலி வழிகளை அடைத்து, காற்றைப் போக வேண்டிய இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. மூடியை எங்கே சாய்ப்பது, ஸ்க்ரூ இல்லாமல் எப்படி மாட்டுவது, மெமரி கார்டு செருகாத இடத்தில் காற்று ஒழுகாமல் எப்படித் தடுப்பது என்று ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடுக்கு காப்புரிமை இருக்கிறது.

ஃபேன் கணக்கும் ருசியானது. ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் அது இழுக்கும் மின்சாரம் பாதி ஆகாது, எட்டில் ஒரு பங்காகும். ஏனென்றால் மின்திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறி இறங்கும். ஆகவே சின்ன ஃபேனைப் பேய் வேகத்தில் சுற்றுவதைவிடப் பெரிய ஃபேனை மெதுவாகச் சுற்றுவது லாபம். ஆனால் 1யூ உயரத்தில் 40 மில்லிமீட்டர் ஃபேனுக்கு மேல் நிற்காது. 2011-ல் ஃபேஸ்புக் தன் சர்வர் வடிவமைப்பை 'ஓப்பன் கம்ப்யூட்' என்ற பெயரில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டபோது, அதில் இருந்த பெட்டி 1.5யூ உயரம், 60 மி.மீ. ஃபேன். முன்பக்க அலங்கார மூடி இல்லை, லோகோ இல்லை, பெயின்ட் இல்லை. ஓரிகான் மாநிலம் பிரைன்வில்லில் கட்டிய அந்த டேட்டா சென்டர் முன்பைவிட 38 சதவீதம் மின்சிக்கனம், 24 சதவீதம் செலவு குறைவு என்று ஃபேஸ்புக் சொன்னது. அந்தச் சிக்கனத்தில் கட்டடத்தின் பங்கும் மின் இணைப்பின் பங்கும் பெரிது. ஆனாலும் அரை 'யூ' கூட்டியதற்கும் அதில் ஒரு கை உண்டு.

காப்புரிமை வாங்கி மற்றவர்களைத் தடுப்பது ஒரு வழி, எல்லோருக்கும் கொடுத்து விலையைக் குறைப்பது இன்னொரு வழி என்பதற்கு ஓப்பன் கம்ப்யூட்தான் நல்ல உதாரணம். இதை ஏதோ தர்மகாரியம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே வடிவத்தைப் பல ஆலைகள் தயாரித்தால் லட்சக்கணக்கில் வாங்குகிறவருக்குத்தானே லாபம்!

டிஸ்கைப் பார்த்துக் கத்தினால் என்ன ஆகும்?

2008 கடைசியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் இன்ஜினியர் பிரெண்டன் கிரெக் ஒரு வீடியோ போட்டார். வரிசையாக ஹார்டு டிஸ்க் இருக்கும் பெட்டி முன்னால் போய் நின்று காட்டுக்கத்தலாகக் கத்துகிறார். திரையில் டிஸ்கின் வேகம் சட்டென்று தடுமாறுவது தெரிகிறது. விளையாட்டாகத் தோன்றினாலும் விஷயம் உண்மை. சுழலும் தட்டின் மேல் முடிக்கற்றையைவிட மெல்லிய தடத்தில் ஊசிமுனை நிற்க வேண்டும், சத்தமும் ஒரு அதிர்வுதான்.

2016 செப்டம்பரில் ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் ஐ.என்.ஜி. வங்கி தீயணைப்பு ஒத்திகை நடத்தியது. தீயணைக்கும் வாயு குழாய் முனையில் இருந்து சீறி வந்த சத்தம் 130 டெசிபலைத் தாண்டியது. தீ எதுவும் இல்லை, தண்ணீர் படவில்லை, வெறும் சத்தத்தில் டிஸ்க்குகள் பழுதாகி வங்கிச் சேவை சுமார் 10 மணிநேரம் நின்றுபோனது.

சர்வருக்குள் இருக்கும் ஃபேன்களே இப்படிச் சத்தம் போடுபவைதான். அதனால் ஃபேனை ரப்பர் முளைமேல் உட்கார வைப்பது, டிஸ்க் தட்டின் ஓரத்தில் ஸ்பிரிங் தகடு வைத்து ஆடாமல் பிடிப்பது, ஃபேனுக்கும் டிஸ்குக்கும் இடையே தடுப்பு வைப்பது எல்லாம் மெக்கானிக்கல் இன்ஜினியரின் தலைவலி. டிஸ்க் தட்டில் இருக்கும் நெம்புகோல் கைப்பிடியைக் கவனித்திருப்பீர்கள். மடக்கும்போது டிஸ்க் கடைசி சில மில்லிமீட்டர் தானாக உள்ளே போய் இணைப்பில் உட்காரும், இழுத்தால் அதேபோல் விலகும். சர்வரை நிறுத்தாமலே டிஸ்கை மாற்ற முடிவது இந்தச் சின்ன நெம்புகோலால்தான்.

எல்லாம் இவ்வளவு நேர்த்தியாக ஆரம்பித்துவிடவில்லை. கூகுள் 1999-ல் சொந்தமாகச் செய்த சர்வரில் ஒரு அலுமினியத் தட்டில் நான்கு மதர்போர்டுகள். அடியில் ஷார்ட் ஆகாமல் இருக்க விரித்திருந்தது கார்க் பலகை, பாட்டில் மூடி செய்யும் அதே கார்க். நம்ம ஊர் பட்டறையில் யாராவது இப்படிச் செய்தால் 'ஜுகாட்' என்று சிரிப்போம். அந்தத் தட்டு இன்று அமெரிக்காவில் அருங்காட்சியகப் பொருள்.

தண்ணீர் வந்தது, கூடவே கடைமடைப் பிரச்சினையும் வந்தது

ஒரே கொள்ளளவில் பார்த்தால் காற்றைவிடத் தண்ணீர் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். அதனால் சூடு எல்லை மீறும்போதெல்லாம் கம்ப்யூட்டர் உலகம் தண்ணீரிடம்தான் போகிறது. இது புதுசு கிடையாது. ஐ.பி.எம். 1980-ல் அறிவித்த 3081 மெயின்ஃபிரேமில் ஒவ்வொரு சிப்பின் தலையிலும் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன பிஸ்டன் அழுத்திக்கொண்டு நிற்கும். இடைவெளியில் ஹீலியம் வாயு, மேலே குளிர்நீர் ஓடும் தட்டு. 1985-ல் வந்த கிரே-2 இன்னும் ஒருபடி மேலே போய், மின்கடத்தாத திரவத்துக்குள் சர்க்யூட்டுகளையே முக்கிவிட்டது.

நம்ம பக்கத்தில் திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் திறக்கப்பட்ட பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டர் 838 டெராஃப்ளாப் திறன் கொண்டது. அதில் திரவம் சிப்பின் மேல் உட்கார்ந்த செம்புத் தட்டு வழியாக நேரடியாக ஓடுகிறது. உலக அளவில் இப்போது பேசப்படும் என்விடியா ஜிபி200 என்விஎல்72 ரேக்கில் 72 ஜி.பி.யூ., ஒரே ரேக்குக்குச் சுமார் 120 கிலோவாட், எடை 1.36 டன். இதைக் காற்றால் குளிர்விக்க நினைப்பது பனை ஓலை விசிறியால் செங்கல் சூளையை அணைப்பது மாதிரி.

இங்கேதான் நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயம் வருகிறது. ரேக்கின் பின்னால் மேலிருந்து கீழாக ஒரு பெரிய குழாய் நிற்கும், அதிலிருந்து ஒவ்வொரு சர்வருக்கும் கிளைக் குழாய் பிரியும். பேச்சிப்பாறையில் திறந்த தண்ணீர் தோவாளைக் கால்வாயிலும் அனந்தனாறு கால்வாயிலும் ஓடி மடை மடையாகப் பிரிவதுபோலத்தான். அங்கே என்ன நடக்கும்? தலைமடைக்காரருக்கு வயல் நிறைய தண்ணீர், கடைமடைக்காரருக்கு அதிகாரிகளிடம் மனு. ரேக்கிலும் அதேதான். குழாய் தொடங்கும் இடத்தில் இருக்கும் சர்வருக்கு அதிக ஓட்டம், கடைசி சர்வருக்குக் குறைவு. கடைசி சர்வரின் சிப் சூடாகி, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 72 சிப் சேர்ந்து ஒரே கணக்கைப் போடும்போது ஒன்று மெதுவானால் மீதி 71-ம் அதற்காகக் காத்திருக்கும்.

தீர்வுகளும் கால்வாயில் இருப்பவைதான். பெரிய குழாயை நன்றாக அகலமாக்கி அதில் அழுத்த இழப்பைக் குறைக்கலாம். தலைமடையை இறுக்குவதுபோல ஒவ்வொரு கிளையிலும் அளந்த துளை வைத்துத் தடுக்கலாம். தண்ணீர் முதலில் நுழைந்த சர்வரில் இருந்து கடைசியில் வெளியேறுமாறு திரும்பும் குழாயை அமைத்து எல்லோருக்கும் பயண தூரத்தைச் சமமாக்கலாம். எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் பம்பின் மின்சாரமும் குழாயின் விலையும் அடங்கியிருக்கிறது.

அடுத்தது, இணைப்பு. சர்வரை வெளியே இழுக்கும்போது ஒரு சொட்டுகூடச் சிந்தக் கூடாது, கீழே இன்னொரு சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு இரு முனையிலும் ஸ்பிரிங் வைத்த வால்வு. முனைகள் பிரியும் அந்தக் கணத்தில் இரண்டும் மூடிக்கொள்ளும். ரேக்கின் பின்பக்கம் கையோ கண்ணோ எட்டாது. எனவே சர்வரை முன்னால் இருந்து தள்ளினால் தானே வழிகண்டு பொருந்தும் இணைப்பு வேண்டும். சில மில்லிமீட்டர் அங்கே இங்கே நகர்ந்தாலும் சேரும்படி அந்த முனை கொஞ்சம் 'ஆடும்' விதத்தில் வைத்திருப்பார்கள். எவ்வளவு ஆடலாம் என்பது தகர வளைப்பில் வரும் பிழை, ரேக்கின் சாய்வு, வழிகாட்டி முளையின் நீளம் எல்லாவற்றையும் கூட்டிப் போட வேண்டிய கணக்கு. மூன்றாம் செமஸ்டரில் டாலரன்ஸ் பாடத்தை ஏன் படிக்கிறோம் என்று அலுத்துக்கொண்டவர்களுக்கு இதுதான் பதில்.

கடலோர ஊருக்கு ஒரு தனி எச்சரிக்கை

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மூன்று பக்கம் கடல்காற்று வேறு. சாப்பாட்டு உப்பு சுமார் 75 சதவீதம் ஈரப்பதத்தில் காற்றில் இருக்கும் நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்போமே, அதே கதைதான். சர்வருக்குள் படிந்த உப்புத் தூசியும் இப்படிக் கசிந்தால், அது மின்சாரம் கடத்தும் படலமாகிவிடும். கூடவே செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். குளச்சலில் படகு பழுதுபார்ப்பவர்களிடம் கேட்டால் இதைப் பாடமே எடுப்பார்கள். தண்ணீர்க் குளிர்விப்புச் சுற்றில் செம்பையும் அலுமினியத்தையும் கலக்காமல் பார்த்துக்கொள்வதும் இதனால்தான்.

ஈரப்பதத்தை அலட்சியம் செய்தால் பெரிய இடத்திலும் அடி விழும். பிரைன்வில் டேட்டா சென்டரிலேயே 2011 கோடையில் காற்றோட்டக் கட்டுப்பாடு தப்பி, ஈரக்காற்று உள்ளே சுழன்று, சர்வர்கள்மேல் நீர் கோத்து, பவர் சப்ளைகள் ஷார்ட் ஆயின. 'டேட்டா சென்டருக்குள் மேகம்' என்று ஃபேஸ்புக் அதிகாரியே 2013-ல் இதை வெளியில் சொன்னார். பிறகு பவர் சப்ளைகளுக்கு ரப்பர் போன்ற பூச்சு கொடுத்தார்கள்.

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் ஆஸ்பத்திரி, கல்லூரி, சொசைட்டி அலுவலகங்களில் ஒரு சின்ன அறையில் ஒரே ஒரு ரேக் நிற்கும். அங்கே புதுக் கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். ரேக்கில் காலியாக இருக்கும் இடங்களை வெற்றுத் தகடு போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வரும் சூடான காற்று அந்த ஓட்டை வழியாகச் சுற்றி மறுபடியும் முன்னால் வரும். ரேக்கின் முதுகைச் சுவரோடு ஒட்டிவைக்காதீர்கள். மழைக்காலத்தில் ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைக்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள், உப்புக்காற்றுக்கு அழைப்பிதழ் கொடுப்பது அது.

மாமா கேட்ட கேள்விக்கு வருவோம்: எதற்குக் காப்புரிமை கிடைக்கும்?

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970-ன்படி கண்டுபிடிப்பு புதிதாக இருக்க வேண்டும், துறை தெரிந்தவருக்கு 'இது தெரிஞ்சதுதானே' என்று தோன்றாத ஒரு படி முன்னேற்றம் அதில் இருக்க வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும். கிடைத்தால் விண்ணப்ப நாளில் இருந்து 20 ஆண்டு உரிமை.

சர்வர் விஷயத்தில் இரண்டு பிரிவுகள் முக்கியம். 3(கே) பிரிவு கம்ப்யூட்டர் புரோகிராமை, அது புரோகிராம் என்ற அளவில் மட்டும் இருந்தால், காப்புரிமைக்கு வெளியே தள்ளுகிறது. அந்த வகையில் கோடு எழுதுபவரைவிடத் தகரம் வளைப்பவருக்கு வாசல் அகலம். ஆனால் 3(எஃப்) பிரிவு இந்தப் பக்கம் கதவைச் சாத்துகிறது. தெரிந்த கருவிகளை, அவை தனித்தனியே தங்கள் வழக்கமான வேலையையே செய்யும்படி வெறுமனே இடம் மாற்றி அடுக்கினால் அது கண்டுபிடிப்பு ஆகாது. நான்கு ஃபேனை ஆறாக்கினேன், டிஸ்கை இடப்பக்கம் வைத்தேன் என்றால் கிடையாது. டிஸ்கை இப்படிச் சாய்த்ததால் காற்றோட்டமும் அதிர்வும் ஒன்றை ஒன்று பாதித்து, முன்பு கிடைக்காத பலன் கிடைக்கிறது என்று காட்டினால் வழி உண்டு.

இதை விளக்க உச்ச நீதிமன்றத்தின் பழைய தீர்ப்பு ஒன்று இன்றும் பயன்படுகிறது. மிர்சாப்பூரில் பித்தளைப் பாத்திரம் செய்பவர்களுக்குள் வழக்கு. லேத்தில் பாத்திரத்தைப் பிடித்துக் கடையும் ஒரு பிடிமான அமைப்புக்கு ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் காப்புரிமை வைத்திருந்தது. பிஸ்வநாத் பிரசாத் ராதேஷியாம் நிறுவனம் அதை எதிர்த்தது. 1978 டிசம்பரில் வந்த தீர்ப்பு அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. பட்டறையில் அனுபவமுள்ளவர் தன் வழக்கமான திறமையில் செய்யும் சின்ன மேம்பாடு மட்டும் போதாது, அதைத் தாண்டி ஏதாவது இருக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் நிலை. கோணம் மாமா லேத் ஓட்டுகிறவர் என்பதால் அவருக்கு இது சட்டென்று புரியும்!

எக்ஸ்போவில் காட்டிவிட்டு அப்புறம் விண்ணப்பிக்கலாமா?

கூடாது. மாணவர்கள் அதிகமாகக் கோட்டைவிடும் இடம் இதுதான்.

கல்லூரி ப்ராஜெக்ட் எக்ஸ்போவில் மாடலை வைக்கிறோம், போட்டோ எடுத்து இன்ஸ்டாவில் போடுகிறோம், கல்லூரி மலரில் கட்டுரை வருகிறது. பரிசும் கிடைக்கிறது. அதற்கப்புறம் "சார், பேட்டண்ட் போடலாமா?" என்று கேட்கிறோம். ஊருக்கே தெரிந்தது இனி 'புதிது' இல்லை. சட்டத்தின் 31-ஆம் பிரிவு 12 மாத விலக்கு ஒன்று தருகிறது உண்மைதான். ஆனால் அது மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்ட கண்காட்சிகளுக்கும், அறிஞர் அமைப்புகளில் வாசிக்கும் கட்டுரை போன்ற சில சூழல்களுக்கும்தான். சாதாரண கல்லூரி எக்ஸ்போ அதில் வராது.

செய்ய வேண்டியது எளிது. முதலில் தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். முழு விவரத்தை 12 மாதத்துக்குள் தரலாம். அந்தத் தற்காலிக விண்ணப்பத்தில் என்ன எழுதினீர்களோ அதற்குத்தான் அந்தத் தேதி கிடைக்கும் என்பதால், வரைபடத்தோடு விரிவாக எழுதுவது நல்லது. விண்ணப்பம் போட்ட பிறகு எக்ஸ்போவுக்குப் போகலாம்.

கட்டணத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். தனிநபர், ஸ்டார்ட்அப், கல்வி நிறுவனம் ஆகியோர் ஆன்லைனில் விண்ணப்பிக்க 1,600 ரூபாய். பெரிய நிறுவனத்துக்கு 8,000. இது 30 பக்கம், 10 உரிமைக் கோரிக்கை வரைக்கும். பரிசோதிக்கக் கோரும் மனுவுக்குத் தனியாக 4,000 ரூபாய், பெரிய நிறுவனத்துக்கு 20,000. கல்வி நிறுவனங்களுக்கு இந்தச் சலுகை 2021 செப்டம்பரில் வந்தது. பரிசோதனை மனுவை 48 மாதத்துக்குள் போடலாம் என்றிருந்ததை 2024 மார்ச் விதித் திருத்தம் 31 மாதமாகக் குறைத்துவிட்டது. மனு போட மறந்தால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கணக்கு, அலுவலகம் ஞாபகப்படுத்தும் என்று காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டு விண்ணப்பங்களைப் பார்ப்பது சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகம். ஆன்லைனில் போடுவதால் நாகர்கோவிலில் இருந்து பஸ் ஏற வேண்டியதில்லை. நல்ல காப்புரிமை முகவர் வைத்தால் அவருக்கான கட்டணம் தனி, உண்மையான செலவு அங்கேதான்.

வெளிநாட்டில் நேரடியாக முதலில் விண்ணப்பிக்க நினைத்தால் 39-ஆம் பிரிவின்படி இந்திய அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும். அல்லது இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் கழிய வேண்டும்.

பெங்களூருவிலோ சென்னையிலோ சர்வர் வடிவமைப்பில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நிலைமை வேறு. நியமன ஒப்பந்தத்தில் 'கண்டுபிடிப்பு அனைத்தும் நிறுவனத்துக்கே' என்று ஒரு பத்தி இருக்கும், உரிமை நிறுவனத்துக்குப் போய்விடும். ஆனால் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் வர வேண்டும். அது உங்கள் தொழில் வாழ்க்கையில் கூடவே வரும் சான்றிதழ். அந்தப் பத்தியைக் கையெழுத்துக்கு முன்னால் படித்துவிடுங்கள். வேலை நேரத்துக்கு வெளியே, சொந்தச் சாமானில் செய்ததையும் அது பிடிக்கிறதா என்று முக்கியமாகப் பாருங்கள்.

வடிவமைப்பு வேலை கிடைக்காதவர்களுக்கும் இந்தத் துறையில் ஒரு வாசல் இருக்கிறது. அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் பெற்ற, 21 வயது நிரம்பிய இந்தியக் குடிமகன் யாரும் காப்புரிமை முகவர் தேர்வை எழுதலாம். வக்கீல் படிப்பு தேவையில்லை. அந்த வேலைக்கு முதல் தகுதி, வரைபடத்தைப் பார்த்து ஸ்பிரிங் எந்தப் பக்கம் தள்ளும் என்று சொல்லத் தெரிவது.